ஐரிஷ் முன்னோரைத் தேடுவது எப்படி? பிறப்பு, திருமணப் பதிவுகளை வைத்து ஒரு தொடக்க வழிகாட்டி

என் மனைவியின் கொள்ளுத்தாத்தா அமெரிக்காவில், மொன்டானா மாநிலத்தின் பியூட் நகரில் செம்புச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பெயர் ஜான், குடும்பப் பெயர் சல்லிவன். பிறந்தது அயர்லாந்தில், கார்க் பக்கம் என்று ஒரு பேச்சு. வீட்டில் இருந்த தகவல் மொத்தமும் இவ்வளவுதான். என் பக்கத்தில் யார் எந்த ஊர், யார் வீட்டுப் பெண்ணை யார் கட்டினார்கள் என்று கேட்டால் எங்கள் பெரியம்மா ஐந்து தலைமுறைக்கு மூச்சுவிடாமல் சொல்வார். மனைவி பக்கத்தில் ஒரு தலைமுறை தாண்டினால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மகள் கேட்க ஆரம்பித்த பிறகுதான் நான் உட்கார்ந்து தேடத் தொடங்கினேன். எதை முதலில் பார்ப்பது, எதை அப்புறம் பார்ப்பது என்ற வரிசை தெரியாததால் பல மாதங்கள் வீணாகப் போயின. ஐரிஷ் குடும்பத்தில் சம்பந்தம் செய்த தமிழர்கள், ஐரிஷ் வேர் உள்ள ஆங்கிலோ இந்திய நண்பர்கள் என்று சிலர் இப்போது எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அயர்லாந்துப் பதிவுகளுக்குள் உடனே நுழையாதீர்கள்

எல்லோரும் முதல் நாளே ஐரிஷ் தளத்தைத் திறந்து பெயரைத் தட்டிவிடுகிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். ஜான் சல்லிவன் என்று தேடினால் கார்க், கெர்ரி இரண்டு கவுண்டிகளிலும் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) வந்துகொண்டே இருக்கும். மர்ஃபி, கெல்லி, சல்லிவன், வால்ஷ், ஓ'பிரையன் மாதிரிப் பெயர்களுக்கு வெறும் பெயரும் ஒரு தோராயமான ஆண்டும் போதவே போதாது. ஊர் வேண்டும். குறைந்தபட்சம் கவுண்டியாவது வேண்டும், முடிந்தால் டவுன்லேண்ட் வேண்டும்.

டவுன்லேண்ட் என்பதை இங்கேயே புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பின்னால் எல்லாமே அதைச் சுற்றித்தான் ஓடும். பெயரில் டவுன் இருந்தாலும் அது டவுன் கிடையாது. சில வீடுகளும் அவற்றைச் சுற்றிய நிலமும் சேர்ந்த ஒரு சின்ன நிலப்பிரிவு, நம் கிராமத்துக்குள் இருக்கும் குக்கிராமம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், சில இடங்களில் ஆளே இல்லாத வெறும் மலைச்சரிவுக்கும் தனி டவுன்லேண்ட் பெயர் உண்டு. அயர்லாந்து முழுவதும் 60,000-க்கும் மேல் இருக்கின்றன. கிராமத்துக்காரர் ஒருவரின் முகவரி என்றால் பெரும்பாலும் அந்த டவுன்லேண்டின் பெயர்தான்.

அந்த ஊர்ப் பெயர் பெரும்பாலும் அயர்லாந்தில் கிடைக்காது, அவர்கள் குடியேறிய நாட்டில்தான் கிடைக்கும். அமெரிக்காவாக இருந்தால் இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இருக்கும் (தகவல் கொடுத்தது பிள்ளைகளோ மருமகளோ என்பதால் தவறு இருக்கலாம், ஆனாலும் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் கிடைத்தால் அது பெரிய விஷயம்). பங்குக் கோயிலின் (பங்கு என்றால் ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் பகுதி) திருமணப் பதிவு, உள்ளூர்ச் செய்தித்தாளின் இரங்கல் குறிப்பு, கல்லறைக் கல் ஆகியவற்றில் கவுண்டிப் பெயரும் சில நேரம் பங்கின் பெயரும் எழுதியிருக்கும். குடியுரிமைத் தாள்கள் 1906-க்கு முந்தியவை என்றால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள், பெரும்பாலும் "அயர்லாந்து" என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். நியூயார்க் பக்கம் போனவர்களுக்கு 1850-இல் தொடங்கிய எமிக்ரன்ட் சேவிங்ஸ் பேங்கின் பழைய கணக்குப் புத்தகங்கள் ஒரு புதையல், கணக்கு திறந்தவரின் சொந்த ஊர், கூடப்பிறந்தவர்கள், வந்த கப்பல் வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். பாஸ்டனில் வெளிவந்த பைலட் பத்திரிகையில் 1831 முதல் 1921 வரை காணாமல் போன உறவினரைத் தேடும் விளம்பரங்கள் வந்தன. அவற்றிலும் ஊர்ப் பெயர் வரும்.

உங்கள் ஆளைப் பற்றி ஒன்றும் கிடைக்காவிட்டால் அவருடைய அண்ணன், தங்கை, பக்கத்து வீட்டுக்காரர், திருமணத்துக்குச் சாட்சியாக நின்றவர் ஆகியோரைத் தேடுங்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கார்க் கவுண்டியின் மேற்குக் கோடியில் பேரா என்றொரு தீபகற்பம், அங்கே ஆலிஹீஸ் என்ற ஊரில் 1812 முதல் செம்புச் சுரங்கம் ஓடியது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது மூடப்பட்டபோது தொழில் தெரிந்த அந்த ஊர்க்காரர்கள் நேரே பியூட் சுரங்கங்களுக்குப் போனார்கள். பியூட்டில் சல்லிவன், ஹாரிங்டன், ஷே என்று பெயர் கொண்டவர்கள் அத்தனை பேர் இருந்ததற்குக் காரணம் இதுதான். எங்கள் ஆளின் இறப்புச் சான்றிதழில் அம்மா ஹாரிங்டன் என்று இருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பேரா பக்கம் போகத் தோன்றியது.

எந்தப் பதிவு எப்போதிலிருந்து, எங்கே

அயர்லாந்தில் அரசுப் பதிவு இரண்டு கட்டமாகத் தொடங்கியது. 1845 ஏப்ரல் 1 முதல் கத்தோலிக்கர் அல்லாதவர்களின் திருமணங்கள் மட்டும். 1864 ஜனவரி 1 முதல் எல்லோருடைய பிறப்பு, திருமணம், இறப்பு. அதாவது 1863-இல் பிறந்தவருக்கு அரசுப் பிறப்புப் பதிவு என்று ஒன்று கிடையவே கிடையாது, எத்தனை நாள் தேடினாலும் வராது. அவருக்குக் கோயில் பதிவேடுதான் கதி.

இந்த அரசுப் பதிவுகளின் படங்கள் ஐரிஷ் ஜீனியாலஜி என்ற அயர்லாந்து அரசின் தளத்தில் இலவசம். பிறப்பு என்றால் 100 ஆண்டு, திருமணம் 75 ஆண்டு, இறப்பு 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். தனியார் தளங்களில் பணம் கட்டுவதற்கு முன்னால் இதை முழுசாகப் பார்த்துவிடுங்கள். நான் முதலில் பணம் கட்டி வாங்கிய சில பதிவுகள் இங்கே சும்மாவே கிடந்தன. 1921 இறுதி வரை வடக்கு அயர்லாந்தின் ஆறு கவுண்டிகளும் டப்ளின் பதிவுகளோடு சேர்ந்தே இருந்தன. அதற்குப் பிந்திய வடக்குப் பதிவுகளுக்கு பெல்ஃபாஸ்டில் உள்ள வடக்கு அயர்லாந்துப் பதிவு அலுவலகத்தின் தளத்துக்குப் போக வேண்டும், அங்கே கிரெடிட் வாங்கித்தான் பார்க்க முடியும்.

தளத்தில் தேடும்போது "பதிவு மாவட்டம்" என்று ஒரு கட்டம் இருக்கும், புதியவர்கள் திணறுவது இங்கேதான். அது கவுண்டி இல்லை. ஏழைகள் நிவாரணச் சட்டத்துக்காக 1838-க்குப் பிறகு அயர்லாந்தை யூனியன்களாகப் பிரித்தார்கள், ஒவ்வொரு யூனியனுக்கும் ஒரு சந்தை ஊர் தலைமையிடம். பிறகு பதிவுத் துறை வந்தபோது அதே எல்லைகளை அப்படியே எடுத்துக்கொண்டது. இந்த எல்லைகள் கவுண்டி எல்லையை மதிக்காமல் இரண்டு பக்கமும் பரவியிருக்கும், அதனால் ஒரு கவுண்டிக்குள் இருக்கும் டவுன்லேண்டின் பிறப்பு பக்கத்துக் கவுண்டி ஊரின் பெயரில் பதிவாகியிருக்கலாம். பேராவுக்கு மாவட்டம் காசல்டவுன். கெர்ரி பக்கம் போனால் கென்மேர், கில்லார்னி, டிரலீ, லிஸ்டோவல், டிங்கிள், கஹர்சிவீன் என்று வரும். உங்கள் டவுன்லேண்ட் எந்த யூனியனில் இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கூடவே அதன் கத்தோலிக்கப் பங்கின் பெயரும் வேண்டும். ஊர்ப் பெயர் எழுத்து மாறிக் கிடந்தால் லோகன்ம் என்ற அரசின் இடப்பெயர்த் தளத்தில் எல்லா வடிவங்களும் இருக்கின்றன.

பிறப்புப் பதிவை எப்படிப் படிப்பது

பட்டியலில் ஒரு பெயரைச் சொடுக்கினால் முழுப் பக்கம் வரும், ஒரு பக்கத்தில் பத்துக் குழந்தைகள். பிறந்த தேதி, இடம், குழந்தையின் பெயர், அப்பாவின் பெயரும் வசிப்பிடமும், அம்மாவின் பெயரும் பிறந்த வீட்டுப் பெயரும், அப்பாவின் தொழில், தகவல் சொன்னவர், பதிவு செய்த தேதி என்று கட்டங்கள் ஓடும். அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர்தான் இதில் சாவி. ஆனால் 1900-க்கு முந்திய பட்டியலில் அது தெரியாது, படத்தைத் திறந்தால்தான் தெரியும். ஆகவே சந்தேகப்படும் ஒவ்வொரு ஜானையும் திறந்துதான் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை. திறந்து பார்த்ததை எல்லாம், இது நம் ஆள் இல்லை என்பதையும் சேர்த்து, ஒரு அட்டவணையில் குறித்துக்கொண்டே போங்கள், இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்து அதே பக்கத்தை மறுபடி திறந்துகொண்டிருப்பீர்கள்.

தகவல் சொன்னவர் கட்டத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். "பிறப்பின்போது உடனிருந்தவர்" என்று ஒரு பெண்ணின் பெயரும் பெருக்கல் குறி போட்ட கைநாட்டும் இருக்கும். அவர் பல நேரம் பாட்டியோ அத்தையோ பக்கத்து வீட்டுக்காரரோதான். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். ஐரிஷ் ஜீனியாலஜி தளத்தில் நாம் பார்ப்பது மாவட்டத்திலிருந்து தலைமை அலுவலகத்துக்கு எழுதி அனுப்பிய நகல். மூலப் பதிவேடு அந்தந்த ஊர் அலுவலகத்தில் இருக்கிறது. ஆகவே அங்கே தெரியும் கையெழுத்து உங்கள் முன்னோரின் கையெழுத்து இல்லை, அதோடு நகல் எடுத்தவரின் பிழைகளும் சேர்ந்திருக்கும்.

தேதியை முழுசாக நம்பக் கூடாது. குறிப்பிட்ட காலத்துக்குள் பதிவு செய்யாவிட்டால் அபராதம் இருந்தது. ஊரிலிருந்து பதிவாளர் இருக்கும் இடத்துக்கு நடந்து போக வேண்டும், பால் கறக்க வேண்டும், உருளைக்கிழங்கு நட வேண்டும். இதெல்லாம் முடிந்து போகும்போது நாள் கடந்திருந்தால் பிறந்த தேதியைக் கொஞ்சம் தள்ளிச் சொல்லிவிடுவார்கள். அதனால் அரசுப் பதிவில் பிறப்பு மார்ச் 20 என்று இருக்க, கோயில் பதிவேட்டில் அதே குழந்தைக்கு மார்ச் 2 அன்றே ஞானஸ்நானம் நடந்திருக்கும். இது அயர்லாந்தில் மிகச் சாதாரணம். இரண்டில் நான் கோயில் தேதியைத்தான் நம்புவேன், குழந்தை பிறந்து ஓரிரு நாளில் ஞானஸ்நானம் கொடுப்பது அவர்கள் வழக்கம்.

சில குழந்தைகளுக்குப் பதிவின்போது பெயரே வைத்திருக்க மாட்டார்கள், கட்டம் காலியாக இருக்கும். ஆகவே முதல் பெயர் இல்லாமல் குடும்பப் பெயர், மாவட்டம், ஆண்டு மட்டும் கொடுத்தும் ஒருமுறை தேடுங்கள். தொடக்க ஆண்டுகளில் பதிவே செய்யாமல் விட்டவர்களும் நிறைய. திருமணமாகாத தாய்க்குப் பிறந்த குழந்தை என்றால் அப்பாவின் கட்டத்தில் கோடு இழுத்திருக்கும், அப்படி ஒன்றைக் கண்டால் அந்தக் குழந்தையின் ஞானஸ்நானப் பதிவையும் கட்டாயம் பாருங்கள், சில இடங்களில் பங்குத்தந்தை அப்பாவின் பெயரை எழுதியிருப்பார்.

திருமணப் பதிவுதான் அச்சாணி

என்னைக் கேட்டால் பிறப்புப் பதிவைவிடத் திருமணப் பதிவுதான் அதிகம் கொடுக்கும். ஒரே பதிவில் மணமகன், மணமகள் இருவரின் வயது, முன்பு மணமானவரா இல்லையா, தொழில், திருமணத்தின்போது வசித்த இடம், இருவருடைய அப்பாக்களின் பெயர், அந்த அப்பாக்களின் தொழில், கோயில், சாட்சிகள் இருவர், எல்லாம் வந்துவிடும். ஒரு அடியில் இரண்டு குடும்பங்களிலும் ஒவ்வொரு தலைமுறை மேலே ஏறிவிடலாம். 1864-இல் யாருக்குத் திருமணம் ஆகியிருந்தாலும் அவருடைய அப்பா பெரும்பாலும் 1800-களின் தொடக்கத்தில் பிறந்தவராக இருப்பார் என்பதை யோசித்துப் பாருங்கள். அம்மாக்களின் பெயர் மட்டும் இருக்காது, பழைய திருமணப் பதிவில் அதற்குக் கட்டமே கிடையாது.

வயது கட்டத்தில் எண்ணுக்குப் பதில் "முழு வயது" என்று எழுதியிருந்தால் 21 அல்லது அதற்கு மேல் என்று மட்டும் அர்த்தம், 22 ஆகவும் இருக்கலாம் 45 ஆகவும் இருக்கலாம். அப்பா இறந்துவிட்டிருந்தால் சில பதிவாளர்கள் அதைக் குறித்திருப்பார்கள், பலர் குறித்திருக்க மாட்டார்கள். ஆகவே குறிப்பு இல்லை என்பதற்காக அப்பா உயிரோடு இருந்தார் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

திருமணம் பெரும்பாலும் பெண் வீட்டாரின் பங்குக் கோயிலில் நடக்கும். மணமகன் ஊரில் தேடிக் கிடைக்காவிட்டால் இதுதான் காரணமாக இருக்கும். மாதத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நம் ஊரில் ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், அங்கே ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலமான தவக்காலத்தில் வைக்க மாட்டார்கள். அதனால் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்திய சில வாரங்களில், ஜனவரிக் கடைசியிலும் பிப்ரவரியிலும், கிராமத்துக் கல்யாணங்கள் குவிந்து கிடக்கும். கோயில் பதிவேட்டில் பக்கம் பக்கமாகப் புரட்டித் தேட வேண்டிய நிலை வந்தால் அந்தப் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள்.

தேடும் முறை எளிதுதான். கணவன் பெயரை அந்த மாவட்டத்தில் தேடி ஒரு பட்டியல் எடுங்கள், மனைவி பெயரைத் தேடி இன்னொன்று எடுங்கள். இரண்டிலும் ஒரே பதிவுப் பக்க எண் வருகிறதா என்று ஒப்பிடுங்கள். ஒரு பக்கத்தில் நான்கு திருமணங்கள்தான் இருக்கும், ஆகவே எண் ஒத்துப்போனால் அநேகமாக அந்த ஜோடிதான், படத்தைத் திறந்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிறப்பு, திருமணம், மறுபடி பிறப்பு

இப்போது இரண்டையும் சேர்த்து ஏணி போல ஏறலாம். தெரிந்த ஆளின் பிறப்பைப் பிடித்தால் அவருடைய பெற்றோரின் பெயர்கள், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் வரும். அந்த இரண்டு பெயர்களை வைத்துப் பெற்றோரின் திருமணத்தைத் தேடுங்கள், மூத்த பிள்ளை பிறந்த ஆண்டுக்கு ஓரிரு ஆண்டு முன்னால் இருக்கும். அந்தத் திருமணத்தில் இரண்டு தாத்தாக்களின் பெயர் கிடைக்கும். அவர்கள் வசித்த டவுன்லேண்டை வைத்து மணமகன், மணமகள் இருவரின் பிறப்பையும் தேடுங்கள். 1864-க்குக் கீழே இறங்கும் வரை இப்படியே.

இடையில் ஒரு வேலையை விட்டுவிடாதீர்கள், எல்லாப் பிள்ளைகளின் பிறப்புப் பதிவையும் எடுங்கள். நமக்கு வேண்டியது ஒரு ஜான்தானே, மற்ற எட்டுப் பேர் எதற்கு என்று தோன்றும். ஒவ்வொரு பிள்ளையின் பதிவிலும் வசிப்பிடம் இருக்கும், அது மாறுவதைப் பார்க்கலாம், அம்மாவின் பெயர் வெவ்வேறு எழுத்தில் வருவதையும் பார்க்கலாம், தகவல் சொன்னவர்களில் ஒரு பாட்டி சிக்கலாம். இன்னொன்றும் இருக்கிறது. பல குடும்பங்கள் பெயர் வைப்பதில் ஒரு முறையைப் பின்பற்றின. மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர், இரண்டாவது மகளுக்கு அப்பாவின் அம்மா பெயர். தாத்தா பாட்டி பெயரைப் பிள்ளைக்கு வைக்கும் நமக்கு இது உடனே புரியும். திருமணப் பதிவில் வராத பாட்டிகளின் பெயரை இப்படித்தான் ஊகிக்க முடிகிறது. ஊகம் மட்டும்தான், எல்லாரும் இந்த முறையைப் பிடித்துக்கொண்டு நடக்கவில்லை.

சரிபார்க்க 1901, 1911 ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இருக்கிறது, தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசம். 1911 படிவம் அருமையானது. மணமான பெண்களிடம் திருமணமாகி எத்தனை ஆண்டு, உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். 22 ஆண்டு, 9 குழந்தைகள், 7 பேர் இருக்கிறார்கள் என்று இருந்தால் திருமணத்தை 1888, 1889 பக்கம் தேடலாம், ஒன்பது பிறப்புப் பதிவுகளும் கிடைக்கும் வரை நிறுத்தக் கூடாது, இரண்டு இறப்புப் பதிவுகளும் எங்கோ இருக்கின்றன. அமெரிக்காவுக்குப் போய்விட்ட பிள்ளைகளும் அந்த 7-இல் அடக்கம். வயதை மட்டும் நம்பாதீர்கள். 1908-இல் 70 வயது கடந்தவர்களுக்கு ஓய்வூதியம் தரச் சட்டம் வந்தது, 1909-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு 1901-இல் 56 என்று சொன்னவர்கள் 1911-இல் 71 ஆகியிருப்பார்கள். ஏழை நாட்டில் வாரம் சில ஷில்லிங் என்பது ஒரு குடும்பத்தைத் தாங்கும் பணம்.

பெயர்கள் செய்யும் குழப்பம்

ஓ', மெக் என்ற முன்னொட்டுகளை ஒருபோதும் நம்பித் தேடாதீர்கள். ஒரே குடும்பம் 1870-இல் சல்லிவன், 1911-இல் ஓ'சல்லிவன். ஐரிஷ் மொழி மறுமலர்ச்சி வந்தபோது பலர் விட்ட முன்னொட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இரண்டு விதமாகவும் தேடுங்கள். ரெய்லி, ரைலி, ஓ'ரெய்லி எல்லாம் ஒன்றே. சில பெயர்கள் மொழிபெயர்க்கப்பட்டன, மக் கவன் என்ற ஐரிஷ் பெயருக்குக் கொல்லனின் மகன் என்று பொருள், அது மெக்கோவனாகவும் ஆனது, கேவன் கவுண்டிப் பக்கம் ஸ்மித்தாகவும் ஆனது.

முதல் பெயர்கள் இன்னும் மோசம். பிரிஜிட், பிரிடி, பெடிலியா, டீலியா எல்லாம் ஒரே பெண்ணாக இருக்கலாம். அமெரிக்காவில் டீலியா என்று இறந்தவரை அயர்லாந்தில் பிரிஜிட் என்றுதான் தேட வேண்டும். நோரா என்பது ஹொனோரா, ஹனோரா. நெல்லி, எலென், ஹெலெனா ஒன்று. ஜொஹன்னா, ஹன்னா ஒன்று. கார்க், கெர்ரி பக்கத்தில் கோப்னட் என்ற புனிதையின் பெயரை வைத்த பெண்கள் ஆங்கிலத்தில் அபிகேல் ஆனார்கள். டீயர்மட் என்ற ஆண் பெயர் ஜெரமையா ஆனது, டார்பி என்றும் வரும். தேக் என்ற பெயர் டிமதி, தாடியஸ். இவற்றுக்குள் ஒலி ஒற்றுமையோ பொருள் ஒற்றுமையோ தேடாதீர்கள், ஊர் வழக்கம் அப்படி.

கத்தோலிக்கக் கோயில் பதிவேடுகள் பல லத்தீனில் இருக்கும். யாகோபுஸ் என்றால் ஜேம்ஸ் (நம் சந்தியாகப்பர்தான்), யோவான்னெஸ் ஜான், குலியெல்முஸ் வில்லியம், கரோலுஸ் சார்ல்ஸ். லத்தீன் பயப்பட வேண்டியதில்லை, ஒரே வாக்கியம்தான் ஆயிரம் முறை திரும்ப வரும், பத்துப் பதிவு படித்தால் பழகிவிடும்.

பேரா மாதிரி எல்லோரும் சல்லிவனாக இருக்கும் ஊர்களில் குடும்பங்களைப் பிரித்துச் சொல்ல கிளைப் பெயர் ஒன்று வைத்திருந்தார்கள், நம் கிராமங்களில் வீட்டுப் பெயரும் பட்டப் பெயரும் இருப்பது போல. கோயில் பதிவேட்டில் குடும்பப் பெயருக்குப் பக்கத்தில் புரியாத ஒரு சொல் கிறுக்கியிருந்தால் அதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த பதிவில் அதே சொல் வந்தால் அதே கிளை.

1864-க்கு முன்னால்

1922 ஜூன் 30 அன்று டப்ளினில் உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் எரிந்து போனது. 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதியும், பாதுகாப்புக்கென்று அங்கே கொண்டுபோய் வைத்திருந்த ஆங்கிலிக்கன் (புராட்டஸ்டண்ட் திருச்சபை) பங்குகளின் பதிவேடுகளில் பாதிக்கு மேலும் அதில் போயின. 1861, 1871 கணக்கெடுப்புகளை அரசே அதற்கு முன்பு அழித்திருந்தது, 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழுக்குப் போயின. இதனால்தான் ஐரிஷ் ஆவணம் எல்லாம் எரிந்துவிட்டது என்று பலர் சொல்வதைக் கேட்பீர்கள். அதை நம்பி நிறுத்திவிடாதீர்கள். பிறப்பு, திருமண அரசுப் பதிவுகள் அந்தக் கட்டடத்தில் இல்லை. கத்தோலிக்கப் பதிவேடுகளும் அங்கே போகவில்லை, அந்தந்தப் பங்கிலேயே இருந்தன. பெரும்பாலான பங்குகளின் பதிவேடுகளை ஏறக்குறைய 1880 வரை தேசிய நூலகம் மைக்ரோஃபிலிம் எடுத்து வைத்திருந்தது, 2015-இல் அவை எல்லாவற்றையும் இலவசமாக இணையத்தில் போட்டுவிட்டார்கள். கெர்ரி, டப்ளின் நகரம், கார்லோ, கார்க்கின் ஒரு பகுதி ஆகியவற்றின் கோயில் பதிவுகளைப் பெயர் வைத்துத் தேடும் வசதி ஐரிஷ் ஜீனியாலஜி தளத்திலேயே இருக்கிறது. மற்ற பல கவுண்டிகளுக்கு ரூட்ஸ் அயர்லாந்து என்ற கட்டணத் தளம். ஒரு மாதம் மட்டும் கட்டி, தேட வேண்டியதை எல்லாம் முன்கூட்டிப் பட்டியல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.

ஆங்கிலிக்கன் குடும்பம் என்றாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம். ஒபாமாவின் தாய் வழி முன்னோர் ஃபால்மவுத் கியர்னி 1850-இல் ஆஃபலி கவுண்டியின் மனிகால் ஊரிலிருந்து அமெரிக்கா போனவர், கியர்னி குடும்பத்தின் பதிவுகள் அந்தப் பகுதி ஆங்கிலிக்கன் பங்கின் பழைய பதிவேடுகளில் 2007-இல் கிடைத்தன. டப்ளினுக்கு அனுப்பாமல் ஊரிலேயே தங்கிவிட்ட பதிவேடுகள் அப்படிப் பிழைத்தவை.

ஞானஸ்நானப் பதிவில் ஞானப்பெற்றோரின் பெயர் இருக்கும், பெரும்பாலும் சித்தப்பா, அத்தை, மாமா. பெண்களை அவர்கள் பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதியிருப்பார்கள், எங்களுக்கு இது எவ்வளவு உதவியது என்று சொல்லி முடியாது. அப்புறம், ஓரத்தைப் பாருங்கள். 1908-இல் கத்தோலிக்கத் திருச்சபை திருமணம் பற்றிக் கொண்டுவந்த புதிய விதிக்குப் பிறகு, ஒருவர் எங்கே மணந்தாலும் அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் அனுப்பி அந்தப் பதிவின் ஓரத்தில் குறிக்கும் வழக்கம் வந்தது. 1870-களில் பிறந்த ஒருவரின் பதிவோரத்தில் அமெரிக்க ஊரின் பெயரும், மணந்த பெண்ணின் பெயரும், தேதியும் இருக்கலாம். இருந்தால் அதைவிட உறுதியான சான்று வேறில்லை.

நம் ஆள்தானா?

என் பெரிய தவறு இங்கே நடந்தது. அப்பா மைக்கேல், ஊர் பேரா, வயதும் ஏறக்குறையச் சரி என்று ஒரு ஜானைப் பிடித்துக்கொண்டு நான்கு மாதம் அவருடைய முன்னோரை எல்லாம் சேர்த்தேன். பிறகு ஒரு நாள் அதே குடும்பத்தின் 1911 படிவத்தைத் திறந்தால் அந்த ஜான் அப்பா வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார், எங்கள் ஜானோ அப்போது பியூட்டில். அம்மாவின் பெயரை நான் சரிபார்க்கவே இல்லை, அந்த ஜானின் அம்மா ஹாரிங்டன் இல்லை. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பொருந்துகிற ஆள் கிடைத்தால் அவர் நம் ஆள் இல்லை என்று நிரூபிக்க முதலில் முயல்வேன். அவர் சிறு வயதில் இறந்தாரா, அங்கேயே மணந்தாரா, 1901, 1911-இல் வீட்டில் இருக்கிறாரா என்று தேடுவேன். எங்கும் இல்லாவிட்டால்தான் அடுத்த படி.

ஆனி மூர் கதை தெரிந்திருக்கும். 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கில் குடியேறிகள் வந்திறங்கும் எல்லிஸ் தீவு நிலையம் திறந்தபோது முதலில் இறங்கிய கார்க் பெண். அவர் டெக்சாஸ் போய் வாழ்ந்தார் என்று பல ஆண்டுகள் எல்லோரும் நம்பினார்கள், அந்த டெக்சாஸ் பெண்ணின் வழிவந்தவர்கள் விழாக்களில்கூடக் கலந்துகொண்டார்கள். அந்தப் பெண் பிறந்தது இல்லினாய் மாநிலத்தில் என்று ஆவணங்களிலிருந்து 2006-இல் தெரிய வந்தது. உண்மையான ஆனி நியூயார்க்கை விட்டுப் போகவே இல்லை. உலகமே பார்த்த ஒரு பெண்ணுக்கே இது நடந்தது என்றால் நம் சுரங்கத் தொழிலாளிக்கு நடக்காதா?

இந்தியாவில் இருக்கும் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு. சென்னையிலும் திருச்சி பொன்மலையிலும் ஐரிஷ் குடும்பப் பெயர் உள்ள ஆங்கிலோ இந்தியர்களில் பலருடைய முதல் முன்னோர் படைவீரர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ஐரோப்பியப் படைப்பிரிவிலிருந்து வளர்ந்ததுதான் பின்னால் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் ஆனது. நீங்கள் அயர்லாந்தில் தொடங்காமல் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் உள்ள மதராஸ் மாகாணக் கோயில் பதிவுகளில் தொடங்குங்கள், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றும் அங்கே உண்டு, ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற முன்னோர் தேடும் தளத்திலும் பார்க்கலாம். பிரிட்டிஷ் அரசுப் படையிலிருந்து ஓய்வூதியத்தோடு விலகியவர் என்றால் அவருடைய விலகல் தாளில் பிறந்த பங்கும் கவுண்டியும் எழுதியிருக்கும். அது கிடைத்தால் மேலே சொன்ன ஏணியில் ஏறலாம்.

டவுன்லேண்டும் குடும்பமும் உறுதியான பிறகு கிரிஃபித் நில மதிப்பீட்டைத் திறங்கள். 1847 முதல் 1864 வரை அயர்லாந்து முழுவதும் வரி போட நிலம், வீடு, குடியிருந்தவர், நில உரிமையாளர் எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொரு நிலத்துக்கும் எண் போட்டு வரைபடத்திலும் குறித்தார்கள். அதில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டும்தான் இருக்கும், அதனால்தான் இதைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் பார்த்தால் எந்த மைக்கேல் சல்லிவன் நம்முடையவர் என்று தெரியாது. திருமணப் பதிவில் கிடைத்த தாத்தாவின் பெயரும் டவுன்லேண்டும் கையில் இருந்தபோது எங்களுக்கு ஒரே ஒரு வரிதான் பொருந்தியது. அந்த எண்ணை வரைபடத்தில் தேடி, அதன் மேல் இன்றைய வரைபடத்தைப் போட்டுப் பார்த்தோம். வீடு இல்லை. கற்சுவர் கட்டிய சின்ன வயல் அப்படியே இருக்கிறது, அதன் ஓரமாகக் கடலுக்கு இறங்கும் பாதையும்.